ஈயக் கதவுக்கு இந்தப் பக்கம்

கதவைச் சாத்திவிட்டால் அந்த எக்ஸ்ரே அறைக்குள் எந்த அலையும் நுழையாது. கதிர்கள் வெளியேறக் கூடாது என்பதற்காகச் சுவர்களிலும் கதவிலும் பதித்திருந்த ஈயத் தகடு, கைபேசிக்கும் சேர்த்தே வாய்ப்பூட்டுப் போட்டிருந்தது. அங்கே படம் எடுப்பவளுக்கு அந்த அறை பிடித்துப் போனதும் அதனால்தான். வீட்டில் திருடன் புகுந்த நாளிலிருந்து, வெளியாள் எவனும் எட்ட முடியாத இடம் என்று அவள் நம்பியது இந்த ஓர் அறையைத்தான்.

அன்று பட்டப்பகலில், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். அலமாரி திறக்கும் ஓசையும், வறட்டு இருமலும், அதன் பின் நீண்ட செருமலும் கேட்டன. பிறகு குளியலறைக் கதவின் கைப்பிடி மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கியது. தாழ் தடுத்ததும் அதே நிதானத்தோடு மேலே ஏறியது.

"வெளிய வராத," என்றது குரல். "என் மூஞ்சியப் பாத்துட்டேன்னு வை, திரும்ப வர வேண்டியிருக்கும்."

அவன் கொண்டுபோன பொருள்களில் தம்பியின் கையடக்க விளையாட்டுக் கருவியும் ஒன்று. அக்காளும் தம்பியும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, அட்டைகளைச் சேர்த்து மோதவிடும் ஓர் ஆட்டத்தில் ஊறிப் போயிருந்தார்கள். பேருந்துப் பணிமனையிலிருந்து திரும்பும் தம்பி, படிக்கட்டின் அடியில் நின்றே ஆட்டத்துக்கு அழைப்பு விடுப்பான்; இணையம் தேவையில்லை, அருகில் இருந்தால் கருவிகள் ஒன்றையொன்று தாமே கண்டுகொள்ளும். அடுப்படியில் நின்றபடி அவள் ஏற்பாள். ஆட்டம் முடிந்தால்தான் கதவு திறக்கும். தோற்றவர் தலையில் பாத்திரம் கழுவும் வேலை விழும். ஆட்டத்தில் அவன் பெயர் கொசு, அவள் பெயர் வாத்து. திருட்டுக்குப் பின் அவளைச் சிரிக்க வைக்க எண்ணிய தம்பி, நகை போனால் போகட்டும், அரும்பாடுபட்டுச் சேர்த்த கல் ஆமை போய்விட்டதே என்று மூக்கைச் சிந்திக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பின் யார் இருமினாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவமனையில் இருமாதவர் யார்? ஆகவே தன் காதுகளையே நம்பக் கூடாது என்று பழகிக்கொண்டாள்.

ஒருநாள் முகக்கவசம் அணிந்து, மார்புப் படம் எடுக்க வந்த மனிதர் ஒருவர் இருமியபோதும் அவ்வாறே தன்னை அடக்கிக்கொண்டாள். சட்டையையும் கவசத்தையும் கழற்றிவிட்டு வரும்படி கதவோரத் திரை மறைவைக் காட்டினாள். பெரிய கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அறையின் மறுகோடியில், ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே போய் அமர்ந்தாள். பிணியாளர்கள் உடை மாற்றும் இடைவெளியில் தன் விளையாட்டுக் கருவியோடு ஒரு கை ஆடுவது அவள் வழக்கம். ஒலியை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள்.

திரையில் ஓர் அழைப்பு மின்னியது. அருகில் இருக்கும் ஆட்டக்காரர்: கொசு.

தம்பி வந்துவிட்டான் என்று மனம் துள்ளியது. பழகிய கட்டைவிரல் அழைப்பை ஏற்றுவிட்டது. அதன் பிறகே நினைவு வந்தது. அந்தக் கருவி தம்பியிடம் இல்லை.

எதிராளி முதல் அட்டையாகவே கல் ஆமையை இறக்கினான். தம்பியாக இருந்தால் அதை இறுதிவரை மடியில் கட்டிக் காத்திருப்பான். வெளியே காத்திருப்போர் வரிசையில் எவனோ ஒருவன் என்று எண்ணிக் கதவை நோக்கினாள். கதவு மூடியிருந்தது. ஈயத்தைத் துளைத்து எந்த அலையும் வராது.

அப்படியானால் அழைப்பு அறைக்குள்ளிருந்தே வந்திருக்க வேண்டும். உறுதி செய்துகொள்ள, கைக்கு வந்த அட்டை ஒன்றை இறக்கினாள். திரைச்சீலைக்குப் பின்னால் 'டிங்' என்று மெல்லிய மணியோசை எழுந்தது. தொடர்ந்து இருமல், நீண்ட செருமல்.

அவனுக்கு ஈயத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. வாத்து வெளி வரிசையில் இருப்பதாகவே நினைத்திருப்பான். அந்த நினைப்பு மாறாதவரை அவள் பிழைத்தாள். கருவியை மேலங்கிப் பைக்குள் நழுவவிட்டு, வழக்கமான குரலை வரவழைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். காலடி நெருங்கியது. அவள் தலையைத் தூக்கவில்லை. பொத்தான்களையே பார்த்தபடி, பலகையில் மார்பை ஒட்டி, முதுகு காட்டி நிற்கச் சொன்னாள்.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். அவன் முதுகைக் கடந்து, திரை மறைவை எட்டினாள். அங்கே முக்காலியில், மடித்த சட்டையின் மேல் அந்தக் கருவி கிடந்தது. உடைந்த மின்கல மூடிக்கு அவளே ஒட்டிக் கொடுத்த மருத்துவப் பிளாஸ்திரி இன்னும் உரியவில்லை. பேசாமல் போயிருக்கலாம். ஆனால் கை தானாக நீண்டு அதை எடுத்துவிட்டது.

"விடலாமா?" என்று அடைத்த குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

சொன்ன பிறகே தவறு உறைத்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வர வேண்டிய குரல் கதவோரத்திலிருந்து போயிருந்தது. அவன் திரும்பினான். ஒடுங்கிய கன்னம், வெளுத்த உதடு, அவள் கையையே பார்த்த கண்கள். எந்த முகத்தைப் பார்க்கக் கூடாதோ, அதை முழுதாகப் பார்த்துவிட்டாள்.

கதவை எப்படி இழுத்தாள், எப்படி வெளியே வந்து சாத்தினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வாசலில் இருந்த காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, செருப்பு இல்ல, கையில விளையாட்டுச் சாமான். டாக்டரம்மா பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"அண்ணே, தாழ்ப்பாளப் போடுங்க."

"உள்ள ஆள் இருக்காரே?"

"இருக்கறதாலதாண்ணே சொல்றேன். எங்க வீட்டுக்குள்ள வந்தவன்."

காவலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. தாழை இழுத்துவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும்படி வரவேற்பு மேசைப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

வாத்தும் கொசுவும் மோதிய ஆட்டம் முடியாமல், கையில் ஒன்றும் பையில் ஒன்றுமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் கதவை உதைப்பான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். உள்ளிருந்து ஓசையே இல்லை. கதவின் கைப்பிடி மட்டும் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கியது. தாழ் தடுத்ததும், அதே நிதானத்தோடு மேலே ஏறியது.