இவ்வளவு சனத்துக்கு நடுவில் ஒரு கழகம்

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே டெனுசன் மைதான வாசலில் நின்றான். தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில், வீடுகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் அந்தச் சின்னக் கால்பந்துக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் அவன் ஒருவன்தான் தமிழன். ஆட்டம் பார்க்க ஆட்கள் வராததால், கழகத்தை லண்டனுக்கு வெளியே ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோவதா என்று திங்கட்கிழமை வாக்கெடுப்பு. போன கூட்டத்தில் அவன் எழும்பி, "சுற்றிவர லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு சரியான நித்திரை இல்லை. கோயில், தேவாலயம், கடைகள் எல்லா இடமும் போய்ச் சொன்னான். எல்லோரும் "ஓம், பாப்பம்" என்றார்கள். அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லை நம்பி இப்போது தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வந்தவை எதிரணி ஆட்களின் இரண்டு பஸ்கள். அவர்களுடையது கரையோரத்துச் சின்ன ஊர். பாட்டும் கொடியுமாக இறங்கினார்கள். இவ்வளவு பேர் எப்படி என்று ஒரு கிழவரிடம் கேட்டான்.

"எங்கள் ஊரில் சனிக்கிழமை வேறென்ன இருக்கிறது?" என்றார் அவர்.

அவன் மனைவி றொசாந்தி தேத்தண்ணி விற்கும் யன்னலுக்குள் நின்றாள். "இஞ்ச சனம் கூடினதுதானப்பா வினை. ஒருத்தருக்கு ஷிப்ட், ஒருத்தருக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒருத்தருக்குப் பெரியபிள்ளையான மகளின்ர சாமத்தியவீடு. பந்து பாக்கிறவை பெரிய கிளப்புக்குப் போயிடுவினம்."

"கொஞ்சம் பேசாம இரும்," என்றான். அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் கோபம் வந்தது.

ஆட்டம் தொடங்கியபோது கழகத்து ஆட்கள் நிற்கும் பக்கம் பாதி வெறுமையாகக் கிடந்தது. அப்போதுதான் பெரிய தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சேகர் குடும்பத்தோடு வந்தார்.

"உந்த லைட் கம்பங்களை இருவது வருசமாப் பாக்கிறன், தம்பி. பள்ளிக்கூட மைதானமாக்கும் எண்டு நினைச்சன்."

அவருக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. ஆனாலும் இடைவேளையில் கூட்டத்தின் எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் சொன்னபோது, அதில் பாதி எதிரணி ஆட்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கழகத் தலைவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை டெனுசன் எண்ணிக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சேகர் இருபது வருடமாக இதைப் பள்ளிக்கூட மைதானம் என்று நினைத்திருந்ததை மட்டும் சொன்னான். "வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது." ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கழகம் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருப்பதென்று முடிவானது.

வீட்டுக்கு வந்து சொன்னான். றொசாந்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல விசயம்தானே. பிறகேன் இப்பிடி இருக்கிறியள்? சேகர் அண்ணை அடுத்த கிழமையும் வருவார்தானே?"

"கேக்கேல்லை," என்றான் டெனுசன். "கேக்கப் பயமாக் கிடக்கு. அவரும் 'பாப்பம்' எண்டிட்டால்?"