ராகுகாலம் பார்த்த ஸ்கூட்டர்

விராலிமலைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பங்கிராஸின் ஸ்கூட்டர், 1958 ஐப்பசியிலிருந்து ராகுகாலத்தில் மட்டும் பின்பக்கமாக ஓடியது. மற்ற நேரங்களில் எல்லா ஸ்கூட்டர்களையும் போல முன்பக்கமாகவே ஓடியது. அந்த ஐப்பசியில் கடலை விலை இறங்கியது, மழை ஒரு வாரம் தள்ளிப் பெய்தது என்பதோடு சேர்த்து இதையும் ஊரார் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். பங்கிராஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆவூர் மாதாகோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். ராகுவும் கேதுவும் அவருக்கு யாரோ எவரோ.

ஸ்கூட்டர் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். இதைத்தான் டைமிங் என்கிறார்கள். பொறி ரொம்ப முந்திக்கொண்டால், வருகிற ஊஞ்சலை எதிரே நின்று தள்ளியது போல, பிஸ்டன் வந்த வழியே திரும்பிவிடும். எஞ்சின் தலைகீழாகச் சுற்றும், வண்டி பின்னால் போகும். இவ்வளவும் ஹைவேயில் பட்டறை வைத்திருந்த நல்லதம்பிக்குத் தெரிந்ததுதான். நாள் பார்க்காமல் நட்டைத் தொடாத மனிதர் அவர். முதலில் பிளக்கை மாற்றினார். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். கண்டென்சரை மாற்றினார். காந்தச் சக்கரத்தைக் கழற்றி, அதை அச்சில் பிடித்து நிறுத்தும் பிறைச்சாவி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேயாவிட்டாலும் புதுசு போட்டார். டைமிங் வைக்கும் தட்டுக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு கீறி, திருகுகளை இறுக்கி, ரிஜிஸ்டர் தபாலுக்கு வைப்பது போல அரக்கும் வைத்துவிட்டு, சக்கரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். புதன்கிழமை பகல் பன்னிரண்டு அடித்ததும் தட்டு ஒரு நகத்தகலம் நகர்ந்தது. ஒன்றரைக்குத் திரும்பி வந்து கோட்டோடு கோடாக நின்றது. அரக்கில் ஒரு கீறல்கூட விழவில்லை. வாத்தியாரோ வண்டி மக்கர் பண்ணிய பதினோரு தடவையையும் தேதி, மணியோடு நோட்டில் குறித்து, 'வெப்பக் கோளாறு' என்று தலைப்பும் போட்டிருந்தார். நல்லதம்பி அந்த நோட்டைச் சுவர்க் காலண்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேதக்காரனுக்கு ஏதுப்பா ராகுகாலம்?" என்றார் பங்கிராஸ்.

"ஒங்களுக்கு இல்ல சார். வண்டிக்கு இருக்கே" என்றார் நல்லதம்பி.

இதற்கிடையில் கல்யாணம் வந்தது. பங்கிராஸுக்கு வயது முப்பத்து மூன்று; ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. ஆவூர் வியாகுலமேரியைப் பெண் பார்த்து வந்த நாளிலிருந்து கரும்பலகையில் வாய்ப்பாட்டையே தப்பாக எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவு பிரியம். பெண்ணின் அப்பா சவரியப்பன் சம்மதித்ததே ஸ்கூட்டர் மாப்பிள்ளை என்பதற்காகத்தான். ஆனால் பரிசம் போட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வண்டியைக் காட்டச் சொன்னவர் முன்னால் மாப்பிள்ளை உதைக்க, அது விறுவிறுவென்று பின்னால் போய் அவருடைய வைக்கோல்போரில் புகுந்துவிட்டது. அன்றே சவரியப்பன் முகம் மாறியது. "தாலி கட்டுற அன்னைக்கும் இப்புடிப் பின்னால போனீங்கன்னா, கீரனூர்ல ஒரு மாப்பிள்ளை தயாரா இருக்காரு, பாத்துக்கங்க" என்றார். ஆவூர் வழக்கப்படி கல்யாணத்தைத் திங்கள்கிழமை காலை எட்டு மணிப் பூசையில் வைத்தார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஞாயிறு வாசிக்கும் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. அடுத்த புதன் விபூதிப் புதன். அன்றோடு தவக்காலம் பிறந்துவிடும், ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. திங்கள்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது என்ன காலம் என்பதை அங்கே யாரும் நினைக்கவே இல்லை.

நல்லதம்பி நினைத்தார், சொல்லவும் சொன்னார். வாத்தியார் சிரித்தார். சிரித்தாலும் காலை ஆறு மணிக்கே புறப்படுவதென்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். சொந்தக்காரர்களெல்லாம் முந்தின நாளே மாட்டுவண்டி கட்டிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஸ்கூட்டரில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது சவரியப்பன் உத்தரவு. ஆறு மணிக்குப் பார்த்தால், தையற்காரர் இருளாண்டி கோட்டுக்கு ஒரு கைதான் வைத்திருந்தார். மறு கை ஏறி முடிய ஏழாயிற்று. நல்லதம்பி ஸ்பேனரோடு பின்சீட்டில் ஏறிக்கொள்ள, ஸ்கூட்டர் பத்து மைலில் ஐந்தைத் தாண்டியது. ஏழரை மணிக்கு, பெருமூச்சு விட்டாற்போல, சரளை ரோட்டின் நடுவில் நின்றது. உதைத்தால் பின்னால் போயிற்று. நல்லதம்பி தட்டைக் கையால் நகர்த்திப் பிடித்தால், விட்டதும் அது பழைய இடத்துக்கே போய்விட்டது. நடந்தால் ஒன்பதாகும். பங்கிராஸ் மைல்கல்லில் உட்கார்ந்து, கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். வேறு யாரையும் கட்டிக்கொள்ள அவருக்கு மனசில்லை.

அழுகை ஒரு நிலைக்கு வந்தபோது, கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று தானே எட்டாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவது அவர் நினைவுக்கு வந்தது.

"நல்லதம்பி, வண்டியத் திருப்பு."

"வீட்டுக்கா சார்?"

"ஆவூருக்கு முதுகக் காட்டுற மாதிரி திருப்புப்பா!"

முதுகோடு முதுகு ஒட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் கண்ணுக்கு விராலிமலையும், நல்லதம்பி கண்ணுக்கு ஆவூரும் தெரிந்தன. "இங்கிட்டு ஒடிங்க… ஐயையோ, அங்கிட்டு, அங்கிட்டு!" என்று நல்லதம்பி வழி சொல்ல, ஸ்கூட்டர் ஒரு கமலைக் கிணற்றையும் இரண்டு ஆட்டுமந்தைகளையும் பின்புறமாகவே கடந்தது.

கோயில் வாசலில் நின்றவர்களுக்கு, குனிந்து வழி பார்த்த நல்லதம்பியின் தலைக்கு மேலே முதலில் தெரிந்தது மாப்பிள்ளையின் முதுகுதான். "மாப்பிள்ளை திரும்பிப் போறாருடோய்!" என்று யாரோ கூவ, பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். கீரனூருக்கு ஆள் அனுப்பச் சவரியப்பன் வாயைத் திறந்தார். ஆனால் போகிற மனிதர் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தார். கடைசியில் அவருடைய ஸ்கூட்டர் படிக்கட்டில் முட்டி நின்றது. மணி எட்டாக இரண்டு நிமிடம். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "மொகத்த இங்கிட்டுத் திருப்புங்க, பூசை ஆரம்பிக்கணும்" என்றார். முக்காட்டுக்குள் வியாகுலமேரி சிரித்த சிரிப்பு பூசை முடிகிறவரை அடங்கவில்லை.

பங்கிராஸ் ஆவூரிலேயே குடியேறினார். விராலிமலையில் வியாகுலமேரிக்கும் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. நல்லதம்பி அதற்குப் பிறகு அந்தத் தட்டைத் தொடவில்லை. திங்கள்கிழமைக் காலைகளில் பங்கிராஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, வியாகுலமேரி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முன்னால் போனாள். குறுக்கே வருகிறவர்களை அதட்டுவதும் தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதும் அவள்தான். 1963இல் புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ராக்கன் ஒரு திங்கட்கிழமை வண்டியை நிறுத்தி, ஓட்டுவது யார் என்று கேட்டார்.

"திங்கக்கிழம நானுங்க. மத்த நாளு அவுக" என்றாள் வியாகுலமேரி.

ராக்கன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வழிவிட்டார்.