நல்லா நடக்கிற பொம்பள

போன ஐப்பசி மழையில், நிறைந்த கொழுந்துப் பையை முதுகில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது ஜீவராணிக்குக் கால் சறுக்கியது. விழுந்த இடத்தில் ஒரு பழைய தேயிலைக் கட்டை. இடுப்பு அதில்தான் மோதியது. எலும்பு முறியவில்லை என்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு இடுப்பில் ஏறிய வலி வலது தொடை வரைக்கும் இறங்கிக் குடியிருந்துகொண்டது. உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை. எழும்பினால் உட்கார முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

புருஷன் செத்து ஆறு வருஷமாகிறது. மலையடியில், பணிய லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் அவளும் மகள் தனுஜாவும் மட்டும். தனுஜாவுக்குப் பத்தொன்பது. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

முதல் இரண்டு மாதம் ஜீவராணி கட்டிலே கதியென்று கிடந்தாள். அசையாமல் கிடந்தால் ஆறிவிடும் என்றுதான் லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆறவில்லை. இடுப்பு மரக்கட்டை மாதிரி இறுகியது. பிறகு தனுஜா ஒருநாள் லீவு போட்டு அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே உடம்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிங்கள மிஸ் ஒருத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகப் பேசினாள்.

"படுத்து இருந்தா சரி வராது அம்மா. கொஞ்சம் கொஞ்சம் வீட்டு வேலை செய்ய வேணும். தினம் நடக்க வேணும். பாரம் தூக்க வேணாம், குனிய வேணாம். அவ்வளவுதான்."

மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுப்பது. முழங்காலை மடக்கி வைத்து இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இப்படி மூன்று பயிற்சி. தனுஜா எல்லாவற்றையும் போனில் வீடியோ பிடித்துக்கொண்டாள்.

வீட்டையும் அவள்தான் மாற்றினாள். அம்மா குனியக் கூடாதென்று தரையிலிருந்த அடுப்பை மேசைக்கு ஏற்றினாள். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரைச் சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றி வரிசையாக அடுக்கினாள். விளக்குமாற்றுக்கு நீளக் கம்பு கட்டினாள்.

"கூட்டும்மா. ஆனா நிமிந்து நின்னு கூட்டு. அரை மணிக்கு மேல ஒரே எடத்துல உக்காராத."

"மலையில வேல வாங்குற கண்டாக்கையாவுக்கு மேல அதிகாரம் பண்ற நீ," என்றாள் ஜீவராணி. சொல்லிவிட்டுக் கூட்டினாள்.

முதல் வாரம் வலியில் கண்ணீர் வந்தது. இரண்டாம் வாரம் இடுப்பு தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்தது. தை பிறந்தபோது தண்ணீர் விழும் பீலி வரைக்கும் வெறுங்கையோடு போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். லயத்துப் பெண்கள் வேலைக்குப் போன பிறகுதான் போவாள்; சம்பளமில்லாமல் வீட்டிலிருப்பவள் வெயில் காய நடப்பதை நாலு பேர் பார்ப்பது கூச்சமாக இருந்தது. மாசியில், பாதை வளையும் கோயில் மொடக்கு வரைக்கும் ஏறினாள். அங்கே நின்று மூச்சு வாங்கும்போது, உடம்பு மறுபடி தன்னுடையதாகிவிட்டது போலிருந்தது. மலை ஏறுகிற வேலை இனி முடியாதென்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கங்காணி அழகன் மூலமாகக் கேட்டு வைத்திருந்தாள். சித்திரைக்குள் கிடைக்கும் என்று அவரும் நம்பிக்கை சொல்லியிருந்தார்.

கோயில் மொடக்கில்தான் கண்டாக்கையா அவளைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் பொழுது சாய அழகன் வாசலில் வந்து நின்றார். தூரத்து உறவில் அண்ணன் முறை.

"தங்கச்சி, திங்கக்கெழம காலையில பெரட்டுல எல்லாரோடயும் வந்து நிக்கச் சொல்றாரு கண்டாக்கையா. கொழுந்து எடுக்க ஒன் பேரப் போட்டாச்சு."

"அண்ணே, பிள்ளைக்காம்பரா வேல…"

"அது முடியாதவங்களுக்காம். ஒன்ன நல்லா நடக்கிற பொம்பளன்னு எழுதிட்டாரு. வரலைன்னா தோட்டத்துப் பதிவுலருந்து பேர வெட்டுவாங்க. பேர் இல்லாத வூட்டுக்குக் காம்பரா இல்லன்னு வேற பேசிக்கிறாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் என்னத்தச் சொல்ல? சொல்லிப் பாத்தேன்."

தனுஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினாள். பாரம் தூக்கக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதை வாசித்தும் காட்டினாள்.

"துண்டு பழசு. ரெண்டு மாசமாச்சு," என்றார் கண்டாக்கையா. "நான் ரெண்டு கண்ணால பாத்தேன். மேட்டுல ஏறிப் போறாங்க."

"டாக்டர்மாருங்கதான் நடக்கச் சொன்னாங்கய்யா," என்றாள் ஜீவராணி.

"ரோட்ல நடக்கிறவங்க மலைக்கு நடக்கலாந்தானே?"

வெறுங்கையோடு நடப்பதும், சரிவில் காலூன்றிக் குனிந்து இருபது கிலோவைச் சுமப்பதும் ஒன்றில்லை. அதை எப்படி எடுத்துச் சொல்வதென்று ஜீவராணி தேடுவதற்குள் தனுஜா போனை எடுத்தாள். "இதப் பாருங்கய்யா. எங்கம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்கன்னு பாருங்க." மிஸ்ஸுக்குக் காட்டுவதற்காகப் போன வாரம் பிடித்த வீடியோ அது. ஜீவராணி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணும் வரைக்கும் நிறுத்தியிருந்தாள். பத்து முடிந்ததும் வீடியோவுக்குள்ளிருந்து தனுஜா சந்தோஷமாகக் கை தட்டும் சத்தம் கேட்டது.

கண்டாக்கையா முழுவதையும் பார்த்தார். கேலி செய்யவில்லை. "நல்லாத்தானே செய்றாங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

 வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தனுஜா உடைந்தாள். "நாந்தானே ஒன்ன நடக்கச் சொன்னேன். படுத்தே கெடந்திருந்தா விட்டிருப்பாங்க."

"அப்படிச் சொல்லாத. கட்டில்லயே கெடந்து செத்திருப்பேன்," என்றாள் ஜீவராணி. ஆனால் அவளுக்கும் அந்த நினைப்பு வந்துதான் போயிருந்தது.

திங்கட்கிழமை அவள் மலைக்குப் போனாள். பக்கத்து நிரையில் நின்ற ஜெயந்தினி யாருக்கும் தெரியாமல் அவள் பையிலிருந்து பாதிக் கொழுந்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முதல் நாள் அப்படி ஓடியது. இரண்டாம் நாள் வலது கால் மரத்துப் போனது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மழை இறங்கியது. கீழ்க்கிளையில் கைவைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்புக்குள் ஏதோ பூட்டுப் போட்டதுபோல அப்படியே நின்றாள். பிறகு முழங்கால் மடிந்து தேயிலைக்குள் விழுந்தாள். நாலு பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவள் போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டது.

இந்தத் தடவை வலி தொடையோடு நிற்கவில்லை. பாதம் வரைக்கும் இறங்கியது. கட்டைவிரலை அசைக்க முடியவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் அதே மிஸ் அவளைப் பார்த்ததும் முகம் வாடிப் போனாள். பெரிய டாக்டர் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுக்க நாலு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அதுவரைக்கும் மாத்திரை. கக்கூசுக்குப் போகவும் ஒருத்தர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது யாரும் அவளை நல்லா நடக்கிறவள் என்று சொல்லவில்லை. பேரை வெட்டினார்கள். பிள்ளைக்காம்பரா வேலைக்கு வேறொருத்தி போய்விட்டாள். காம்பராவுக்காகத் தனுஜா என்ன செய்தாள் என்பது ஜீவராணிக்கு, ஜெயந்தினி தன் பழைய படங்கைக் கொண்டுவந்து கொடுத்த காலையில்தான் தெரிந்தது.

"எதுக்குடி இது?"

"கொழுந்துக்குப் பேர் குடுத்துட்டேன்மா. அழகன் மாமாகிட்ட."

ஜீவராணி கத்தினாள். திட்டினாள். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். ஒரு சாண்கூட உயரவில்லை. தனுஜா படங்கை இடுப்பில் சுற்றத் தெரியாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். அப்புறம் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போனாள். அவள் விட்டுவிட்டுப் போன போன் அடித்துக்கொண்டே இருந்தது. துணிக்கடையிலிருந்துதான் இருக்கும்; எடுக்க ஜீவராணிக்குக் கைக்கெட்டவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய தனுஜா நனைந்த கோழி மாதிரி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து காலைத் துடைத்தாள். முழங்காலுக்குக் கீழே ஏழெட்டு இடத்தில் ரத்தம் வழிந்தது. கணுக்காலில் ஒரு அட்டை உப்பிப்போய் ஒட்டியிருந்தது. அதைத் தொட அருவருத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"பிச்சு இழுக்காத. உப்ப வை," என்றாள் ஜீவராணி.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"இங்க வா. நான் எடுக்கிறேன்."

தனுஜா உப்புப் போத்தலோடு கட்டிலருகே வந்து நின்றாள். ஜீவராணி பக்கவாட்டில் சாய்ந்து கையை நீட்டினாள். மகளின் முழங்கால் வரைக்கும்தான் போனது. கணுக்கால் இன்னும் எவ்வளவோ கீழே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை நீட்டினாள். இடுப்பு விடவில்லை. மூச்சு இரைக்க மல்லாந்து விழுந்தாள்.

 தனுஜா காலைத் தூக்கிக் கட்டிலில், அம்மாவின் கையருகே வைத்தாள். போர்வையில் ரத்தம் இறங்கியது. ஜீவராணி விரலில் உப்பை எடுத்து அட்டையின் மேல் வைத்து அழுத்தினாள்.

"நாளைக்கும் அந்த மலைதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் தனுஜா.