ஆமை எந்தப் பக்கம்

எங்கள் தீவு ஆட்டமான மெக்கே ஆட எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்ததுதான் வினை. நான் பிறந்த வைத்தாலாவிலும் வாழ்க்கைப்பட்ட நாவுலோவிலும் ஒரே மெட்டு, ஒரே கதை. இரண்டு ஊர்ப் படகுகளும் ஒரு ராட்சச ஆமைக்குக் கயிறு போட்டன. ஓர் ஊர் இழுத்துக்கொண்டு போனது, இன்னோர் ஊர் கயிற்றை விட்டுவிட்டு அழுதது. அழுதது யார் என்பதில்தான் தகராறு. எங்கள் ஊர்ப் பாட்டில் ஆமை இடப்பக்கம், எங்கள் ஊருக்கு வரும். இங்கே வலப்பக்கம், நாவுலோவுக்கு.

பாயில் வரிசையாக உட்கார்ந்து, தோளோடு தோள் ஒட்டி ஆடும் ஆட்டம். நான் வலக்கோடி. ஆமை வரும் அடியில் எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்து கயிறு இழுப்பார்கள். நான் இடப்பக்கம் சாய்ந்து பக்கத்தில் இருப்பவளின் மண்டையில் முட்டுவேன்.

"ஏ புள்ள, ஆமைய உங்க ஊருக்கே ஓட்டிட்டுப் போறியா?" என்றாள் மெரேசெனி மதினி. என் கணவர் பெனாயாவின் அக்கா. நடு இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துபவள் அவள்தான்.

"கை தானா போகுது மதினி."

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் எங்க ஊர்ப் பக்கம் கரெக்டா வந்துச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. என் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டான். உனைசி என்று பெயர் இருந்தும், இன்னும் நான் இவர்களுக்கு 'வைத்தாலாக்காரி'தான். சர்ச் திறப்பு விழாவுக்கு என் பிறந்த ஊரே விருந்துக்கு வருகிறது. அவர்கள் கண் முன்னால் கை தப்பினால் சாகும்வரை அந்தப் பெயர் போகாது.

"அன்னிக்கும் இடப்பக்கம் சாஞ்சேன்னா, அப்புறம் நீ கிழங்கு உரிக்கத்தான்" என்று மதினி வேறு சொல்லிவிட்டாள்.

விடுவேனா! துணி பிழியும்போது வலப்பக்கம் இழுத்தேன். தூக்கத்திலும் இழுத்தேன். அந்த வாரம் முழுக்கப் பெனாயாவுக்குப் போர்வை கிடைக்கவில்லை.

விழா நாள் வந்தது. தேங்காயெண்ணெய் பூசிய தோள்கள் மினுமினுத்தன. லாலி என்கிற மரமுரசில் அடி விழுந்தது. எதிரே என் ஊர். முன்னால் என் மாமன் மகன் வாட்டிசோனி, கையில் பவுடர் டப்பா. ஆட்டம் பிடித்துப்போனால் நேரே வந்து ஆடுபவர் தலையில் கொட்டுவது எங்கள் வழக்கம். மாமன் மகனின் கேலியை யார் தடுக்க முடியும்?

ஆமை வரும் அடி நெருங்கியது. அப்போது பார்த்து என் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, தொண்டை கிழிய, தங்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள்: "இடப்பக்கம் வருது! இடப்பக்கம் வருது!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து இழுத்தேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. கண்ணைத் திறந்தால், என் பக்கத்தில் ஆளே இல்லை. வரிசை மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மதினியே போயிருந்தாள்! அவள் காதையே பாட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் போன வழியில் மற்றவர்களும் போய்விட்டார்கள். நாவுலோவின் ஆமை என் ஒருத்தி கையில் இருந்தது. எனக்கு வந்த வெறியைச் சொல்லி முடியாது. இன்னும் பலமாக இழுத்தேன்.

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இழு உனைசி, விட்றாத! அது நம்ம ஆமை!"

வரிசை முழுவதும் அலையடித்த மாதிரி என் பக்கம் வந்து சாய்ந்தது. அதற்குள் வாட்டிசோனி பாய்ந்து வந்து டப்பா மொத்தத்தையும் என் தலையில் கவிழ்த்தான்.

"அடிப்பாவி! பொண்ணத்தானடி குடுத்தோம், ஆமையையுமா குடுத்தோம்?"