பாலம் நகர்ந்ததா?

1926 டிசம்பர் கடைசியில் கோலாலம்பூரில் பிடித்த மழை ஒரு வாரமாக விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயன் வரிசை வீடுகளின் படிவரைக்கும் தண்ணீர் ஏறிவிட்ட அன்று, தண்டவாள வேலைக்காரன் நாகையாவைக் கிள்ளான் போகிற பாதையில் ஒரு சின்ன இரும்புப் பாலத்துக்குக் காவல் போட்டார்கள்.

பாலத்தின் நடுவில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மரம் ஏதாவது அடித்துவரப்பட்டுத் தூணில் மோதினாலும், பாலம் ஒரு விரல்கடை அசைந்தாலும் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை.

"தண்ணிய விட்டுக் கண்ண எடுக்காதே," என்று சொல்லிவிட்டு மண்டோர் தம்புசாமி கரையோரக் கொட்டகைக்குப் போனார். பதினைந்து ஆட்களுக்கு அவர்தான் மேலாள்.

நாகையா கண்ணை எடுக்கவில்லை. ஈயச் சுரங்கத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது. அரை மணி நேரம் போயிருக்கும். திடீரென்று தண்ணீர் நின்றுவிட்டது. பாலம்தான் புறப்பட்டது. தண்டவாளமும் கைப்பிடிக் கம்பியும் அவனுமாக ஆற்றை எதிர்த்து மேல்பக்கம் வழுக்கிக்கொண்டு போனார்கள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாகப்பட்டணத்திலிருந்து வந்த கப்பலில் ஏழு நாளும் குடலைப் புரட்டியதே, அதே புரட்டல். காலையில் குடித்த கஞ்சி அத்தனையும் வெளியே வந்தது. தூரத்தில் வண்டி ஊதியதும் சிவப்புக் கொடியைத் தூக்கினான்.

எட்டு மணிப் பயணிகள் வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றது. தம்புசாமி ஓடிவந்து குப்புறப் படுத்து, தண்டவாளத்தின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தார். தூணோரம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. எங்கடா நகர்ந்துச்சு?"

"நகர்ந்துச்சுண்ணே. நான் நின்னுக்கிட்டே போனேன்."

இஞ்சின்காரர்கள் சிரித்தார்கள். மத்தியானமும் இதேதான் நடந்தது. இந்தத் தடவை தண்டவாளத் தள்ளுவண்டியில் இஞ்சினியர் துரையும், அவர் பேச்சைத் தமிழில் சொல்லக் கிராணி என்கிற ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் வந்தார்கள். துரை தண்டவாளத்தைப் பார்த்தார், நாகையாவின் வாயை முகர்ந்து பார்த்தார்.

"குடிக்கலைங்க."

"காரணமில்லாம இன்னொரு தரம் வண்டிய நிப்பாட்டினா உனக்கு வேலை கிடையாது, வீடும் கிடையாதுன்னு தொரை சொல்றார்," என்றார் கிராணி.

அவர்கள் போனபின் நாகையா தம்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான். "வேற ஆளப் போடுங்கண்ணே. எனக்கு முடியல."

"ஆளுக்கு எங்க போறது? பாதிப்பேரு வீட்டுக்குள்ள தண்ணி. பொழுது சாயுற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு நில்லுடா."

நின்றான். கண்ணை மூடினால் பாலம் அசையாமல் இருந்தது, திறந்தால் புறப்பட்டது. அக்கரைத் தென்னை மரத்தைப் பார்த்தால் தலைசுற்றல் அடங்கியது, ஆனால் தென்னையைப் பார்த்தால் தண்ணீரில் வருவது தெரியாது. அதனால் கொஞ்சம் மரத்தையும் கொஞ்சம் ஆற்றையுமாக மாற்றி மாற்றிப் பார்த்தான். அதுவும் எத்தனை நேரம் முடியும்?

நாலு மணிக்குக் கிள்ளான் பக்கமிருந்து சரக்கு வண்டி ஊதியது. பாலம் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. காலையில் போன மாதிரியே, மத்தியானம் போன மாதிரியே. ஒரு வித்தியாசமும் அவனுக்குத் தெரியவில்லை. லயன் வீட்டில் இராஜம்மா இரண்டு பெண்களையும் கட்டிலின் மேல் ஏற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். கரைக்கு ஓடிப்போய்ப் பச்சைக் கொடியைக் காட்டினான்.

இஞ்சின் கடந்துவிட்டது. பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியில் கார்டு பெட்டி கரையை நெருங்கியபோது தூண் ஒருபக்கமாக இறங்கியது. பெட்டி சரிந்து கரைச் சேற்றில் விழுந்தது. கார்டு வாலண்டைனை நாகையாவும் தம்புசாமியும்தான் இழுத்து வெளியே போட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணை. துரை கேட்டதைக் கிராணி தமிழில் கேட்டார்.

"வண்டி வர்றதுக்கு முன்னாடி பாலம் நகர்ந்துச்சா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"நகர்ந்துச்சுங்க. காலையிலேர்ந்தே நகர்ந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் பச்சை காட்டினே?"

"நகரலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கிராணி துரையிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். தான் இவ்வளவு சொன்னது எப்படி இரண்டு வார்த்தையில் அடங்கியது என்று நாகையாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் தெரியவில்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான்.

வேலை போயிற்று. வீட்டைக் காலிசெய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். வாலண்டைனைப் பார்க்க இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு தடவையும் வாசலோடு திரும்பினான். அதன் பிறகு சுங்கை பூலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடும்பத்தோடு பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனான்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி அங்கே தேடிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"போன வாரம் மழையில புதுப் பாலத்துக்கு என்னையே காவல் போட்டாங்க. நீ நின்ன அன்னைக்கு நான் ஒரு தடவைகூடத் தண்ணியப் பாக்கலடா. தண்டவாளத்தத்தான் பாத்தேன். இந்தத் தடவை தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னேன். பாலம் நின்ன இடத்துலதான் நின்னுச்சு, ஆனா நானும் போனேன். பாலத்தோட போனேன்."

"வாந்தி வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு."

நாகையா பொய் சொல்லவில்லை என்று தெரிந்த இன்னொரு மனிதர் எதிரில் நின்றார்.

"தொரைகிட்ட சொன்னீங்களா?"

தம்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா ஒனக்கு எழுதின மாதிரி எனக்கும் கிறுக்குன்னு எழுதிடுவான். நாலு புள்ளைங்கடா."

இராஜம்மா உள்ளே இருந்து காப்பி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். அவருக்குக் கோலாலம்பூர் வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாகையா ஸ்டேஷன்வரைக்கும் அவரோடு நடந்து போனான்.