உறையாத ஹவுபியா

என் கையால் செய்த ஹவுபியா, அதாவது எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் இனிப்பு, ஒரே ஒரு முறைதான் உறையாமல் போயிருக்கிறது. போனதே நல்லது என்று இன்று வாய்விட்டுச் சொல்வேன். அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கரண்டியாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

என் பெயர் உலுலானி. ஹவாயில் ஹிலோ ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் என் ஒரே தம்பி கேயாஹியை இழந்தேன். அவனுக்குக் கல்யாணமான புதிதில், புத்தாண்டு விருந்துக்கு அவன் மனைவி சயூரி ஒட்டரிசி மாவில் பட்டர் மோச்சி கேக் செய்து கொண்டுவந்தாள். நான் ஒரு துண்டைக் கடித்துவிட்டு முப்பது பேர் நடுவில், "இத என் பஸ்ஸுக்கு டயரா மாட்டலாம் போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனவன்தான், ஒன்றரை வருடமாக என் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. மகள் பிறந்ததையே மீன் கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் குழந்தையின் முதல் பிறந்தநாள் கல்யாணத்துக்குச் சமம். இருநூறு பேர் வருவார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பண்டம் செய்ய வேண்டும். உங்களிடம் எதுவும் கேட்கவில்லை என்றால் நீங்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை என்று அர்த்தம். தம்பி மகளின் விருந்துக்கு மூன்று நாள் முன்னால் சயூரியே போன் செய்தாள்.

"அக்கா, ஹவுபியா நீங்க செஞ்சு குடுங்க. நாலு தட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம்."

"அவன் கேக்கச் சொன்னானா?"

"இல்ல. வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கறேன்."

ஹவுபியாவில் என்ன பெரிய வித்தை? தேங்காய்ப்பால், சர்க்கரை, சோள மாவு. கிளறி, தட்டில் ஊற்றி, குளிர வைத்துத் துண்டு போட்டால் முடிந்தது. ஆனால் அன்று எனக்கு ஒரே பதற்றம். நன்றாக வந்தால் தம்பி ஒரு வாய் சாப்பிடுவான். சொதப்பினால், வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்பான். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தக் குழந்தையைத் தூர நின்றுதான் நான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை ஆட்டினேன். கெட்டியாக நிற்க வேண்டியது பசை மாதிரி ஊர்ந்தது. நான்கு தட்டும் அதே கதி. அதே நேரம் பார்த்து வெளியே வண்டி வந்து நின்றது. தம்பி இறங்கவில்லை. சயூரி மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

"இன்னும் ஆகல. நாளைக்குக் காலைல வாங்க" என்று கதவை மறித்தேன்.

அவள் என்னை விலக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது மோச்சி மாவு."

"என்ன உளர்ற?"

"நாக்குல ஒட்டுது பாருங்க. எங்க வீட்ல பல்லு மொளச்சதுலேர்ந்து இதத்தான தின்னுட்டிருக்கோம், எனக்குத் தெரியாதா?"

எறும்புக்குப் பயந்து எல்லா மாவையும் பழைய மயோனைஸ் பாட்டில்களில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது எங்கள் வழக்கம். சீட்டு ஒட்ட மாட்டோம். பார்த்தாலே தெரியும் என்று ஒரு திமிர். சோள மாவும் வெள்ளை, மோச்சிக்கான ஒட்டரிசி மாவும் வெள்ளை. பதற்றத்தில் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன்.

"சிரிக்கணும்னா சிரிச்சுடு. நாளைக்கு இருநூறு பேர் முன்னாடி வேணாலும் சொல்லு. அன்னிக்கு நான் பேசினது தப்பு, சயூரி. ரொம்பத் தப்பு" என்றேன். ஒன்றரை வருடமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை.

அவள் சிரித்தாள். "அந்த மோச்சி நெசமாவே கல்லு மாதிரிதான் இருந்துச்சு. ஓவன்ல வெச்சுட்டு மறந்துட்டேன். நீங்க சொன்னது உண்மைன்னுதான் எனக்கு அவ்ளோ கோவம்."

பிறகு தட்டுகளைப் பார்த்தாள். "தேங்காப்பால், சர்க்கர, மோச்சி மாவு. சிச்சி டாங்கோ மிட்டாய்க்கு வேற என்ன வேணும்? மாவுதான் பத்தாது. அந்த பாட்டில எடுங்க. இளஞ்சிவப்பு கலர் இருக்கா? பொண்ணு பொறந்தநாளுக்கு அழகா இருக்கும். இந்தாங்க, இவளப் பிடிங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

நான் சரியென்று சொல்வதற்குள் குழந்தை என் கையில் இருந்தது. நல்ல கனம். அது என் காதைப் பிடித்து இழுத்தது. நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை.

சயூரி மாவைச் சேர்த்துக் கலக்கினாள். தட்டுகளை அலுமினியத் தாளால் மூடி ஓவனுக்குள் தள்ளினாள். ராத்திரி முழுக்க ஆற வேண்டும், காலையில் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினால்தான் ஒட்டாது என்றாள். வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. மூன்றாவது முறை ஹாரனுக்குப் பதில் படியில் காலடி கேட்டது.

"நாலு தட்ட எடுக்க இவ்ளோ நேரமா?" தம்பி கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

சயூரி திரும்பாமலே சொன்னாள். "ஒரு மணி நேரம் ஆகும். வேணும்னா வண்டிலயே உக்காருங்க."

அவன் என்னைப் பார்த்தான். என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தான். "ஹவுபியா எங்க?"

"கெடுத்துட்டேன்டா. நான்தான் கெடுத்தேன். உன் பொண்டாட்டிதான் காப்பாத்தியிருக்கா."

நான் இப்படிப் பேசி அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சட்டென்று திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சயூரியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வண்டியைக் கிளப்பும் சத்தம் வரவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது. எட்டிப் பார்த்தால், அவன் வண்டியின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான். நனைந்தபடி திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே சோற்றுக் குக்கரைத் திறந்தேன்.