ஃபில்டர் மாற்றிய ஞாயிறு

சமையல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சும்மா இருப்பாரா? தண்ணீர் ஃபில்டரில் புது வடிகட்டி மாற்ற உட்கார்ந்தார். வடிகட்டி உட்காரும் கூடு உள்ளே பாசி பிடித்து வழவழவென்றிருந்தது. அதில், ஹோட்டலில் காய் வெட்டும் பலகைக்கு ஊற்றுகிற பிளீச்சைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தார். பேருக்கு ஒரு அலசு. புதியதைப் போட்டு முறுக்கி, குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு "ஜோரா இருக்கு" என்றார்.

மகள் ஒரு வாய் குடித்தாள். உடனே பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள்.

"அப்பா, நீச்சல் குளத்தையே குழாய்ல விட்டுட்டீங்களா?"

மனைவி முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். பிறகு அவர் குடித்து வைத்த காலி டம்ளரைப் பார்த்தாள்.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி தெரியாத சமையல்காரரை எந்த ஹோட்டல் வைத்துக்கொள்ளும்? கைக்கு அளவு தெரியும், கை பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் நடுங்கினார். இப்போது பயம்கூட மரத்துப்போய்விட்டது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். வழவழப்புப் போகும்வரை அலசினார். குழாயைத் திறந்துவிட்டு, வாளி வாளியாகப் பிடித்துக் கொட்டினார். மகள் மோந்து பார்த்து, "இப்ப பரவால்ல" என்று அறைக்குள் போய்விட்டாள்.

மனைவி ஒரு டம்ளரை நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

குடித்தார். "இப்பதான் தண்ணி மாதிரி இருக்கு."

"அதுல ஒரு ஸ்பூன் உப்பு போட்டிருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மாட்டிக்கொண்டோமே என்றுகூடத் தோன்றவில்லை.

"காய்ச்சலுக்கு அப்புறமா?" என்று கேட்டாள். தலையாட்டினார்.

"அப்போ ஹோட்டல்ல?"

"கை இருக்கே. இத்தனை வருஷம் பழகின கை, தப்பாது. ஞாயித்துக்கிழமை நான் சமைக்கிறதை நீயும்தானே சாப்பிடுறே? நல்லாருக்குன்னு சொல்லலையா?"

"சொன்னேன்." அவள் ஈரமில்லாத சமையல் மேடையைத் துடைத்தாள். "ஆசையா சமைக்கிறீங்களேன்னு சொன்னேன். பாப்பாதான் ஞாயித்துக்கிழமையானா பசிக்கலைங்கறா."